இரண்டு பக்கமும் அதே அரிவாள்

அறுநூறு வருடங்களுக்கு முன்னால் இங்கிலாந்தில் நடந்து முடிந்துவிட்ட ஒரு கல்யாணத்தை, கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபடி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நிறுத்தினேன். நான்கு கிளிக்கில் வேலை முடிந்தது. ஆறிப்போயிருந்த காபியைக் குடித்துவிட்டு அடுத்ததைப் பார்க்கப் போனேன்.

என் வேலையே அதுதான். சான் ஹோசேயில் ஒரு கம்பெனி, பணம் கட்டுகிறவர்களுக்கு வம்ச மரம் போட்டுக் கொடுக்கிறது. இங்கே பலருக்குக் கொஞ்சம் வயதாகி, பிள்ளைகளும் வீட்டை விட்டுப் போனதும், தாத்தாவின் தாத்தா யார் என்ற கவலை வந்துவிடுகிறது. அப்படித் தேடிப் போகிறவர்கள் ஆடு மேய்த்தவரிடம் போய் நிற்க விரும்புவதில்லை. எப்படியாவது ஒரு பிரபுவிடம் போய் முட்ட வேண்டும். அதனால் எத்தனையோ பேருடைய மரங்கள் மேலே போகப் போக ஒரு சில பிரபுக் குடும்பங்களில் போய்ச் சேர்ந்துவிடும். அந்தக் குடும்பங்களில் ஒன்றைச் சுத்தம் செய்து வைப்பது என் பொறுப்பு. ஒரே ஆள் மூன்று தடவை பதிவாகியிருப்பார், ஒருவனுக்கு இரண்டு அப்பா இருப்பார்கள், மகனைவிட ஆறு வயது சின்னவளாக ஓர் அம்மா இருப்பாள். இதையெல்லாம் தேடிப் பிடித்துச் சரி செய்ய வேண்டும். என் கணவர் இதற்கு வைத்திருக்கும் பெயர் மரம் வெட்டும் வேலை.

மரத்தில் கிளைகள் பிரியத்தான் வேண்டும், திரும்பச் சேரக் கூடாது என்று அந்த மென்பொருளுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கணவன் மனைவி இருவருக்கும் ஒரே தாத்தா வந்துவிட்டால் உடனே ஒரு சிவப்பு வட்டம் போடும். அது பதிவில் வந்த பிழையா, உண்மையிலேயே சொந்தத்தில் கட்டிக்கொண்டார்களா என்று நாங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். என்னுடன் வேலை செய்கிறவர்கள் ஒரு வட்டத்தோடு அரை நாள் மல்லுக்கட்டுவார்கள். நான் ஒரு பார்வை பார்ப்பேன். மாமா மகள், சரி. அத்தை மகன், சரி. தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன். என் வேகத்தை மேலாளர் இரண்டு முறை மீட்டிங்கில் பாராட்டியிருக்கிறார். காரணத்தை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என் கணவர் என் அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன் மகன்.

வேலையில் சேர்ந்த புதிதில் அந்தக் குடும்பங்களின் சின்னம் பொறித்த கேடயங்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். ஒன்றில் சிங்கம் நடனம் ஆடுவதற்குத் தயாராக நிற்கும், இன்னொன்றில் மூன்று பன்றித் தலைகள் இருக்கும். பிறகு மெல்லப் படிக்கக் கற்றுக்கொண்டேன். படிக்கத் தெரிந்துவிட்டால் கேடயம் ஒரு ரேஷன் கார்டு. குடும்பத்தில் யார் யார் என்று அதிலேயே இருக்கும். கல்யாணம் ஆனதும் கேடயத்தின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டு, ஒரு பாதியில் மாப்பிள்ளை வீட்டுச் சின்னத்தையும் மறுபாதியில் பெண் வீட்டுச் சின்னத்தையும் வைப்பார்கள். பெண்ணுக்கு உடன்பிறந்த ஆண் இல்லையென்றால், அவள் பிள்ளைகள் அம்மா வீட்டுச் சின்னத்தையும் தங்கள் கேடயத்தில் ஒரு கட்டமாகச் சேர்த்துக்கொள்வார்கள். கூடவே அம்மா வீட்டு நிலமும் வரும். யார் எங்கே பெண் எடுத்தார்கள், எவர் சொத்து எவரிடம் போனது என்று நின்ற இடத்தில் சொல்லிவிடலாம்.

என் பொறுப்பில் இருந்த குடும்பத்துக்குப் பச்சைப் பின்னணியில் மூன்று பொன்னிற அரிவாள்கள். முதலில் பார்த்தபோது ஏதோ கட்சிச் சின்னம் என்றுதான் தோன்றியது. அந்தக் குடும்பத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேர். மூத்தவன் வம்சம் அரிவாள்களை அப்படியே வைத்துக்கொண்டது. இளையவன் வம்சம் அதே அரிவாள்களுக்கு மேலே அடையாளத்துக்காக ஒரு சின்னப் பிறையைச் சேர்த்துக்கொண்டது. எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரே அரிவாள் என்றால் பங்காளிகள். பங்காளி வீட்டில் சாப்பிடலாம், சண்டை போடலாம், வழக்குப் போடலாம். பெண் எடுக்க மட்டும் முடியாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை வந்த சிவப்பு வட்டத்தில் அதுதான் இருந்தது. மூத்தவனுக்கு ஒரே மகள். அவளை இளையவன் மகனுக்குக் கட்டி வைத்திருப்பதாக மரம் சொன்னது. சித்தப்பா மகன். அண்ணனுக்கும் தங்கைக்கும் கல்யாணமா? கோப்பில் ஒரு தேவாலயக் கல்லின் புகைப்படம் இருந்தது. கேடயத்தின் இரண்டு பாதியிலும் அதே மூன்று அரிவாள்கள். இடப் பாதியின் மேல் பக்கத்தில் ஏதோ தேய்ந்த மேடு தெரிந்தது. கல் செதுக்கியவன் சோம்பேறி, ஒன்றையே இரண்டு முறை செதுக்கிவிட்டுக் கூலி வாங்கிப் போயிருக்கிறான் என்று முடிவு செய்தேன். ஒரே பெயரில் இருந்த வேறு யாரோ ஒருவரின் மகளை இங்கே கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார்கள் என்பது என் தீர்ப்பு. அவளை அவள் அப்பாவிடமிருந்து கழற்றி, தந்தை பெயர் தெரியவில்லை என்று போட்டேன். காரணம் எழுதும் பெட்டியில், நடக்க முடியாதது, உடன்பிறந்தவர்கள் என்று ஆங்கிலத்தில் எழுதினேன்.

அன்று மத்தியானமே டல்லஸிலிருந்து என் மகள் கூப்பிட்டாள். அவளுக்கு அப்போது மூன்றாவது மாதம்.

"அம்மா, ஃப்ரைடே ஜெனடிக் கவுன்சிலர் அப்பாயின்ட்மென்ட் இருக்கு. ஃபேமிலி ஹிஸ்டரி ஃபுல்லா வேணுமாம். ஃபார்ம் அனுப்பியிருக்கேன், என் சைடு மட்டும் ஃபில் பண்ணிக் குடு. யூ ஆர் த எக்ஸ்பர்ட்."

"அதுக்கென்ன, பத்து நிமிஷ வேலை."

"அண்ணா பத்தியும் போடணும்மா. ஃபீவர்னு சொன்னீங்கல்ல, என்ன ஃபீவர்னு கேப்பாங்க."

அவள் அண்ணா என்று சொன்னது அவள் பார்த்தேயிராத குழந்தையை. அவளுக்கு முன்னால் எங்களுக்கு ஜெர்சி சிட்டியில் ஒரு மகன் பிறந்து, மூன்று மாதம்கூட முழுதாக இல்லாமல் போய்விட்டான். ஹாலில் அவன் படம் ஒன்று இருக்கிறது. காய்ச்சல் வந்து இறந்துவிட்டான் என்று அவளுக்குச் சொல்லி வைத்திருந்தோம். அது காய்ச்சல் இல்லை.

ஃபார்மைத் திறந்தேன். தாத்தா பாட்டி நான்கு பேருக்கும் நான்கு பெட்டிகள். என்ன வயதில், எதனால் இறந்தார்கள். அதன் கீழே ஒரு கேள்வி. உங்கள் பெற்றோர் இருவரும் ரத்த உறவா? ஆம், இல்லை, தெரியவில்லை என்று மூன்று வட்டங்கள். மடிக்கணினியை மூடிவிட்டு எழுந்து போய், ஏற்கனவே துடைத்திருந்த அடுப்பை மறுபடி துடைத்தேன்.

என் மகளுக்கு இது தெரியாது. எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்கலாம். ஊருக்குப் போனது மொத்தமே நான்கைந்து முறை. நான் என் மாமனாரை மாமா என்று கூப்பிடுவேன், ஊரில் எல்லா மருமகளும் மாமனாரை அப்படித்தானே கூப்பிடுகிறார்கள். என் அம்மா அவரை அண்ணே என்று கூப்பிட்டதை அவள் கேட்டிருக்கிறாள். ஆனால் ஊரில் எல்லோரும் எல்லோரையும் அண்ணே என்று கூப்பிடுவதையும் கேட்டிருக்கிறாள். மறைப்பதற்கு நாங்கள் பெரிதாகக் கஷ்டப்படவே இல்லை. சொல்லாமல் இருந்தால் போதுமானதாக இருந்தது.

முதல் தடவை மறைத்ததுதான் கஷ்டம். ஜெர்சி சிட்டியில் ஜர்னல் ஸ்கொயர் பக்கத்தில் ஒரு படுக்கையறை வீடு. கணவர் ரயிலில் மன்ஹாட்டன் போய் ஒரு வங்கியில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தார். குழந்தை பிறந்து சில வாரங்களில் பால் குடிப்பதை நிறுத்தினான், தூங்கிக்கொண்டே இருந்தான். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒரு டாக்டர் அம்மா வந்து உட்கார்ந்து, பல கேள்விகளுக்கு நடுவில், நீங்கள் இருவரும் ஏதாவது வகையில் உறவா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் "நோ" என்றார். சட்டென்று, தயாராக வைத்திருந்ததைப் போலச் சொன்னார்.

தயாராகத்தான் வைத்திருந்தார். அவருடைய அலுவலகத்தில் யாரோ ஒரு புத்திசாலி, இந்த நாட்டில் அத்தை பெண்ணைக் கட்டுவது சட்டப்படி குற்றம், தெரிந்தால் விசாவை ரத்து செய்துவிடுவார்கள் என்று சொல்லியிருக்கிறான். அன்று முதல் அவரை அத்தான் என்று வெளியில் கூப்பிட வேண்டாம் என்று எனக்கு உத்தரவு. அதனால்தான் அவர் 'என்னங்க' ஆனார். நியூ ஜெர்சியில் அப்படி ஒரு சட்டமே கிடையாது. பல வருடம் கழித்து நானே தேடிப் பார்த்தேன். டெக்ஸாஸ் மாதிரி வேறு மாநிலங்களில்தான் இருக்கிறது. அங்கே நாங்கள் குடியிருந்ததே இல்லை.

டாக்டர்கள் எதையெதையோ பார்த்தார்கள். என்ன நோய் என்று கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆனது. அப்பா, அம்மா இருவரிடமும் மறைந்து கிடந்து பிள்ளையிடம் வெளிப்படும் நோய் அது. நீளமான பெயர். கண்டுபிடித்தபோது தாமதமாகிவிட்டது. உறவு என்று முதல் நாளே சொல்லியிருந்தால் முதல் நாளே அந்தப் பக்கம் பார்த்திருப்பார்களா? இந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களோ என்று பயம். மகள் வயிற்றில் இருந்தபோது பரிசோதித்து, அவளுக்கு அந்த நோய் இல்லை என்றார்கள். அதோடு அந்தப் பேச்சை மூடினோம். பெண் பிள்ளை, நாளைக்குக் கல்யாணம் ஆக வேண்டும், பரம்பரை நோய் என்று வெளியே தெரிய வேண்டாம் என்று காய்ச்சல் கதையைச் சேர்த்துக்கொண்டோம். நோயின் பெயரை நான் மறந்தேவிட்டேன். மறப்பதற்கு முயற்சியும் எடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கணவர் வந்ததும் ஃபார்மைக் காட்டினேன்.

"என்னங்க, இதுக்கு என்ன போடுறது?"

பார்த்தார். மடிக்கணினியை என் பக்கம் திருப்பி வைத்தார். "நோ போடு."

"எப்படிங்க போடுறது? அவ வயித்துல குழந்தை."

"அன்னைக்கு சொன்னதுதான் இன்னைக்கும். இப்ப போய் மாத்துனா அவ நம்மள என்ன நெனைப்பா?"

"அவ என்ன நெனைப்பாங்கறதா இப்ப முக்கியம்?"

"அவதான் நல்லா இருக்கால்ல? மாப்பிள்ளை குஜராத்தி. நமக்கும் அவங்களுக்கும் எந்த ஜென்மத்துல சொந்தம்? ஒண்ணும் ஆகாது, விடு." சொல்லிவிட்டுத் தோட்டத்துக் குழாயைத் திறக்கப் போய்விட்டார். எனக்கு வந்த கோபத்தில் குழாயை மூடிவிட்டு வரலாமா என்று இருந்தது.

புதன்கிழமை நான் ஓர் இடத்தில் உட்காரவில்லை. அலமாரித் துணிகளை இறக்கி, மடித்து, அதே வரிசையில் திருப்பி வைத்தேன். மவ்ரி அவென்யூ மளிகைக் கடைக்குப் போய், வீட்டில் இரண்டு கட்டு கொத்தமல்லி இருக்கும்போது இன்னும் இரண்டு கட்டு வாங்கினேன். திரும்பும்போது ஃப்ரீவேயில் என் எக்ஸிட்டை விட்டுவிட்டு ஹேவர்டு வரைக்கும் போய்த் திரும்பினேன். மாமா மகனைக் கட்டியதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை. ஊரில் அந்தக் கல்யாணத்துக்கு இருநூறு பேர் வந்து வயிறாரச் சாப்பிட்டுப் போனார்கள். ஊரில் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒன்று, விமானத்தில் ஏறி இறங்குவதற்குள் எப்படிக் குற்றமாக மாறியது என்றுதான் ஆத்திரமாக வந்தது. அந்தக் குற்றத்தை எங்கள் தலையில் யாரும் வைக்கவில்லை. நாங்களே வைத்துக்கொண்டோம்.

வீட்டுக்கு வந்து மின்னஞ்சலைப் பார்த்தால் மேலாளர் ஒரு கடிதத்தை அனுப்பியிருந்தார். நியூ ஜெர்சியிலிருந்து ஒரு வாடிக்கையாளர் எழுதியது. ஓய்வு பெற்ற பெரியவர். ஒரே இரவில் தன் மரத்தின் மேல் பாதி முழுக்கக் காணாமல் போய்விட்டதாகவும், தன் பல தலைமுறைக்கு முந்தைய பாட்டி ஒருத்தியை யாரோ அநாதை ஆக்கிவிட்டதாகவும் மரியாதையாக எழுதியிருந்தார். அதே கல்லை நேரில் போய்ப் பக்கவாட்டில் வெளிச்சம் அடித்து எடுத்த புகைப்படத்தையும் இணைத்திருந்தார். நான் தேய்ந்த மேடு என்று நினைத்தது பிறை. இளையவன் வம்சத்துப் பிறை. ஒரு பாதியில் பிறையோடு அரிவாள், மறுபாதியில் பிறை இல்லாத அரிவாள். இளையவன் மகன், மூத்தவன் மகள். செதுக்கியவன் சோம்பேறி இல்லை. கண்ணால் கண்டதைக் கல்லில் வைத்திருக்கிறான்.

கூடவே ஒரு பழைய பதிவின் நகலும் இருந்தது. அந்தக் காலத்தில் நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் செய்யத் தேவாலயம் விடாது. எந்த வழியில் என்றாலும் தடைதான், மாமா மகளுக்கும் சித்தப்பா மகளுக்கும் அவர்களிடம் வித்தியாசம் இல்லை. மீற வேண்டும் என்றால் போப்பாண்டவரிடம் விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். விண்ணப்பத்தில் என்ன உறவு என்பதைச் சொல்லியாக வேண்டும். இந்த இரண்டு பேரும் சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் அண்ணன் தம்பி பிள்ளைகள், தெரிந்தேதான் கேட்கிறோம் என்று எழுதி அனுப்பி, பதில் வரும்வரை காத்திருந்து, பிறகு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நிலம் வெளியே போய்விடக் கூடாது என்பதற்காகத்தான், பெரிய காதல் ஒன்றும் இல்லை. ஆனாலும் சொல்லியிருக்கிறார்கள். கல்யாணத்துக்குப் பிறகு தெருவில் போகிற எல்லோரும் பார்க்கும்படி தேவாலயக் கல்லிலும் வைத்திருக்கிறார்கள். எனக்கு அவர்கள் மேல் பொறாமையாக இருந்தது. உண்மையிலேயே பொறாமை.

வியாழக்கிழமை காலை மேலாளர் வீடியோவில் வந்தார். அமெரிக்கப் பெண்மணி, என்னைவிடப் பத்து வயது சிறியவர், கத்த மாட்டார். நான் எழுதிய காரணத்தைத் திரையில் காட்டினார். இவர்கள் உடன்பிறந்தவர்கள் இல்லையே, கசின்தானே, ஏன் இப்படி எழுதினீர்கள் என்று கேட்டார்.

எங்கள் ஊரில் அண்ணன் தம்பி பிள்ளைகள் உடன்பிறந்தவர்கள் என்றேன். அப்படியானால் உங்கள் ஊரில் கசின்கள் கட்டிக்கொள்ள மாட்டார்களா என்றார். கட்டிக்கொள்வார்கள், இந்தப் பக்கத்துக் கசின் கூடாது, அந்தப் பக்கத்துக் கசின் கூடும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எது அந்தப் பக்கம் என்றார்.

"அம்மாவோட அண்ணன் தம்பி பிள்ளைகள். அப்பாவோட அக்கா தங்கச்சி பிள்ளைகள்" என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தவள், நிறுத்த முடியாமல் அடுத்ததையும் சொல்லிவிட்டேன். "நான் என் அம்மாவோட அண்ணன் மகனைக் கல்யாணம் செய்திருக்கிறேன்."

இந்த நாட்டில் ஒரு மனிதரிடம் நான் அதைச் சொன்னது அதுவே முதல் முறை. வானம் இடிந்து விழவில்லை. அவர் ஓ என்றார். பிறகு, அதனால்தான் மற்ற வட்டங்களை எல்லாம் அவ்வளவு வேகமாக முடித்தீர்களா என்று கேட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாயங்காலத்துக்குள் மரத்தைச் சரி செய்து, பெரியவருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பெண்ணை அவள் அப்பாவிடம் திருப்பிச் சேர்த்தேன். காரணப் பெட்டியில், முதலில் வெட்டியது என் தவறு, எனக்குத் தெரிந்த முறையை இவர்கள் மேல் போட்டுவிட்டேன் என்று எழுதினேன். யாரோ ஒரு பெரியவருக்குச் சொல்ல முடிகிற உண்மையை என் வயிற்றில் பிறந்தவளுக்குச் சொல்ல மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தால் நான் என்ன மனுஷி?

கணவர் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் சொன்னேன். "நான் அவகிட்ட சொல்லப் போறேன். உறவுங்கறதையும் சொல்லுவேன், காய்ச்சல் இல்லங்கறதையும் சொல்லுவேன்."

"யோசிச்சியா?"

"அந்த நோய் அவகிட்ட மறைஞ்சு இருக்கலாம். மாப்பிள்ளைகிட்டயும் இருந்துட்டா? குஜராத்தின்னா வராதா? அவங்க தேட வேண்டியது என்னன்னே தெரியாம தேடுவாங்க. மறுபடியும் ரெண்டு வாரம் தேடணுமா?"

அவர் கராஜுக்குப் போனார், கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. நான் ஃபோனை எடுத்தேன்.

மகளிடம் எப்படி ஆரம்பிப்பது என்று மத்தியானம் முழுக்க யோசித்து வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை. "உன் அப்பாவோட அப்பாவும் என் அம்மாவும் அண்ணன் தங்கச்சி" என்றேன். அவள் கொஞ்ச நேரம் கணக்குப் போட்டாள்.

"வெயிட். ஸோ நீயும் அப்பாவும் கசின்ஸ்?"

"ஆமாம்மா."

"ஃபர்ஸ்ட் கசின்ஸ்?"

"ஆமா."

அவள் அருவருப்புக் காட்டுவாள் என்று நினைத்திருந்தேன். இங்கே பிறந்து வளர்ந்தவள். ஓகே என்றாள். ஓகே, ஓகே என்று மூன்று முறை சொன்னாள். பிறகு நான் காய்ச்சல் இல்லை என்பதைச் சொன்னேன், டாக்டர் கேட்ட கேள்வியைச் சொன்னேன், அதற்கு நாங்கள் சொன்ன பதிலைச் சொன்னேன். அப்போதுதான் அவள் குரல் மாறியது.

"அம்மா, அன்னைக்கு எஸ் சொல்லியிருந்தா அண்ணா இருந்திருப்பானா?"

"தெரியலம்மா."

"யூ நெவர் ஆஸ்க்ட்?"

"கேக்கல. பயமா இருந்துது."

அவள் அழுதாளா என்று தெரியவில்லை, ஃபோனைக் கையால் மூடிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்து, "நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் வீடியோ கால்ல வாங்க. நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க" என்றாள். அவள் என்னிடம் அவ்வளவு கண்டிப்பாகப் பேசியது அதற்கு முன்னால் இல்லை. எனக்கு வலித்தது, நியாயமாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை நான் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தேன். கணவர் வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மடியில் ஒரு பழுப்பு உறை. திரையில் ஒரு பக்கம் மகளும் மாப்பிள்ளையும், இன்னொரு பக்கம் அந்த மரபணு ஆலோசகர். இளம்பெண். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் என்று எங்கள் குடும்பத்தை வரைந்துகொண்டே வந்தார். பெற்றோர் இருவரும் உறவா என்று கேட்டபோது நான் உடனே ஆமாம் என்றேன். என் அம்மா, இவருடைய அப்பா, இருவரும் அண்ணன் தங்கை. அந்தப் பெண் முகத்தில் ஒரு சுருக்கம்கூட வரவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் ஒற்றைக் கோட்டை இரட்டைக் கோடாக்கினார். அவ்வளவுதான் அதற்கு மரியாதை. இருபத்தெட்டு வருடம் நாங்கள் பயந்த விஷயத்துக்கு இன்னும் ஒரே ஒரு கோடு.

இறந்த குழந்தைக்கு என்ன நோய் என்று கேட்டார். எனக்குப் பெயர் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். கணவர் உறையைப் பிரித்தார். ஜெர்சி சிட்டி ஆஸ்பத்திரிக் காகிதங்கள். அதையெல்லாம் கலிஃபோர்னியாவுக்கு வரும்போதே எறிந்துவிட்டோம் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த நீளமான பெயரை ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். நடுவில் ஒரு முறை நிறுத்தித் திரும்பப் படித்தார். ஆலோசகர் எழுதிக்கொண்டு, பெயர் தெரிந்திருப்பது பெரிய உதவி, இதை ஒரு ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம் என்றார். மகளிடம் அது மறைந்து இருந்ததும், மாப்பிள்ளையிடம் இல்லை என்று தெரிய இன்னும் மூன்று வாரம் நாங்கள் தூங்காமல் கிடந்ததும், பேத்தி நல்லபடியாகப் பிறந்ததும் அதற்குப் பிறகு நடந்தவை.

அன்றைக்கு ஆலோசகருக்கு இன்னும் ஒரு பெட்டி நிரப்ப வேண்டியிருந்தது. இறக்கும்போது குழந்தைக்கு என்ன வயது என்றார்.

"மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் குறைவு" என்றேன் நான்.

"எண்பத்து மூன்று நாள்" என்றார் என் கணவர். கையில் இருந்த காகிதத்தை அவர் பார்க்கவில்லை. திரையில் இருந்த மகளைப் பார்த்து, தமிழில், "கடைசி நாள் பதினொன்னே கால் மணி வரைக்கும் இருந்தாம்மா" என்றார். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம், அவர் நாளை எண்ணி வைத்திருந்தது எனக்குத் தெரியாது.